புதுப்பிப்பு: சமூகப் பணிச் சான்றிதழ் பற்றி ஒரு திருத்தம்

வேலை தேடுவோருக்கான சமூகப் பணித் திட்டத்தில், முடிவில் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் சான்றிதழ் தந்தால் போதும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். போதாது. ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற வரியை வைத்து வேலை கொடுப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது. செய்த வேலை, மணிநேரம், கையாண்ட கருவி, தனியாகவா மேற்பார்வையிலா என்ற நான்கும் வேண்டும்: ‘வேலி அமைத்தல், 40 மணிநேரம், துளையிடும் கருவி, தனியாக’ என்பதுபோல. இதை வாராவாரம் குறித்து மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். கடைசி நாளில் எழுத உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும், சில நேரம் மேற்பார்வையாளரே மாறியிருப்பார்.

நடுவில் வேலை கிடைத்துப் போகிறவருக்கும் அதுவரையிலான பதிவைக் கொடுத்தனுப்புங்கள் (வேலை கிடைப்பதுதானே திட்டத்தின் நோக்கமே!). ‘வேலையற்றோர்’ என்ற சொல் சான்றிதழில் வரவே கூடாது. வருகைக்கு மட்டும் பரிசு வைப்பதும் வேண்டாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்தான் அதில் அடிபடுவார்.