சம்பளம் 29,400 இருந்தும் 29,000 இல்லையா? பிரிட்டன் ஸ்பௌஸ் விசா வருமானக் கணக்கு

ஹாரோ_வாசி:
நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர், மதுரையில் இருக்கும் மனைவியை ஸ்பௌஸ் விசாவில் அழைக்கப் பார்க்கிறார். நாலு வருஷமாக ஒரே கம்பெனி. சம்பளம் 27,200 பவுண்டாக இருந்தது, மூன்று மாதம் முன்பு 29,400 ஆனது. கடந்த 12 மாதத்தில் ஓவர்டைம் 1,500. அதில் கடைசி ஆறு மாதத்தில் வந்தது 700. சேமிப்புக் கணக்கில் இன்று 22,000. விசாவுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000, வாங்குவது 29,400, அப்புறம் என்ன, இப்போதே போடுகிறேன் என்கிறார். போடலாமா?

கணக்குப்பிள்ளை:
போடக்கூடாது. வருமானத்தைக் காட்டும் வழிகளை விதியில் கேட்டகரி ஏ, பி என்று பிரித்திருக்கிறார்கள். அவர் நினைப்பது கேட்டகரி ஏ. அதில் இன்றைய சம்பளத்தைப் பார்ப்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் சம்பளம் மிகக் குறைவாக எவ்வளவு இருந்ததோ, அதுதான் அவருடைய ஆண்டு வருமானம். ஆறு பேஸ்லிப்பில் மூன்று பழைய சம்பளம். ஆக 27,200, தீர்ந்தது.
இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் ஆறு பேஸ்லிப்பிலும் 29,400 இருக்கும். வேறு எதையும் தொட வேண்டாம். மறுத்துவிட்டால் கட்டணம் (2025 ஏப்ரல் நிலவரப்படி 1,938 பவுண்ட்) போனது போனதுதான். 33 மாத விசாவுக்குக் கட்டும் மருத்துவ சர்சார்ஜ் 3,105 மட்டும் திரும்பி வரும்.

டூட்டிங்_மழை:
எதற்கெடுத்தாலும் "மூன்று மாதம் பொறு". ஓவர்டைமை எங்கே விட்டீர்கள் ஐயா? அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் குறைந்த அளவு. ஓவர்டைம், கமிஷன் எல்லாம் ஆறு மாத சராசரி. 700 என்றால் வருஷத்துக்கு 1,400. 27,200 + 1,400 = 28,600. பற்றாக்குறை வெறும் 400.
அதைச் சேமிப்பால் அடைக்கலாம். முதல் 16,000-ஐ எண்ணமாட்டார்கள். அதற்கு மேல் பற்றாக்குறையைப் போல் இரண்டரை மடங்கு வேண்டும். 16,000 + 1,000 = 17,000. கையில் 22,000. இதில் என்ன பயம்?

கணக்குப்பிள்ளை:
பயம் "இன்று 22,000" என்ற வார்த்தையில் இருக்கிறது. 17,000 என்பது விண்ணப்ப நாளில் இருந்தால் போதாது, முந்தைய ஆறு மாதமும் அதற்குக் கீழே ஒரு நாள் கூட இறங்கியிருக்கக் கூடாது. சம்பளத்தோடு சேமிப்பைக் கோர்த்தால் அவர்கள் பார்க்கும் ஸ்டேட்மென்டும் இரட்டிப்பாகும். ஹாரோ_வாசி, ஆறு மாதத்தில் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு?

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
இடையில ஒரு கேள்வி. சேமிப்பு குறைஞ்சிருந்தால் தகப்பன் ஊரிலயிருந்து காசு போட்டுவிட ஏலாதோ? அன்பளிப்பு எண்டு ஒரு கடிதமும் தந்தால்?

கணக்குப்பிள்ளை:
அண்ணை, அன்பளிப்புக்குத் தடையில்லை, கடனாக மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் அந்தக் காசு தம்பதியின் பெயரில், அவர்கள் கட்டுப்பாட்டில், ஆறு மாதம் கிடந்திருக்க வேண்டும். போன மாதம் வந்த காசு கணக்கில் சேராது. "மகனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற அப்பாவின் கடிதத்தையும் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள். 2017 பிப்ரவரியில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மூன்றாம் ஆள் உதவியையும் பார்க்கலாம் என்று விதியில் சேர்த்தார்கள். 400 பவுண்ட் குறைகிறது என்பதெல்லாம் அந்தக் கதவைத் தட்டுகிற காரணமில்லை.

டூட்டிங்_மழை:
பாதி சொன்னீர்கள், மீதியை நான் சொல்கிறேன். ஆறு மாத விதிக்கு விலக்கு உண்டு. தம்பதிக்குச் சொந்தமான வீடோ கட்டடமோ நிலமோ விற்று வந்த பணம் என்றால் நேற்று வந்திருந்தாலும் சேரும். அது அவர்களுடையதாக இருந்ததற்கும் விற்றதற்கும் பத்திரம் காட்ட வேண்டும். பங்கு, பாண்ட் விற்று வந்ததும் அப்படித்தான், ஆறு மாதமாகக் கையில் இருந்திருந்தால். நகை விற்ற காசுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. நம் வீடுகளில் சேமிப்பு பாதி கழுத்தில்தான் கிடக்கிறது, என்ன செய்வது.
இன்னொன்று. மதுரையில் மனைவி வாங்கும் சம்பளம் ஒரு பைசா சேராது. ஆனால் அவர் பெயரில் உள்ள சேமிப்பு சேரும். ஃபிக்ஸட் டெபாசிட்டானாலும் சரி, அபராதம் கட்டியாவது உடனே எடுக்க முடிய வேண்டும். அதனால்தான் முதலில் மனைவியின் பாஸ்புக்கைக் கேட்க வேண்டும், அப்பாவை அல்ல.

கணக்குப்பிள்ளை:
அந்த டெபாசிட்டில் மாமனார் பெயரும் சேர்ந்திருந்தால் யாருடைய பணம் என்ற வீண் தகராறு வரும். பார்த்துச் சொல்லுங்கள்.

ஹாரோ_வாசி:
கேட்டுவிட்டேன். மனைவி பெயரில் சேமிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. இவருடைய கணக்கில் நாலு மாதம் முன்பு இரண்டே நாள் 16,800-க்கு இறங்கியிருக்கிறது. கார் வாங்கியபோது.

கணக்குப்பிள்ளை:
200 பவுண்ட் குறைகிறது. 16,800-இல் 16,000 போக 800. அதை இரண்டரையால் வகுத்தால் 320. 28,600-உடன் சேர்த்தால் 28,920. விண்ணப்பம் விழும். ஆதாரத் தாள் ஒன்று விடுபட்டால் அதிகாரி கேட்டு வாங்கும் வாய்ப்பாவது உண்டு. தொகை குறைந்தால் கேட்க என்ன இருக்கிறது? மூன்று மாதம் பொறுங்கள் என்று இதற்குத்தான் சொன்னேன்.

டூட்டிங்_மழை:
நில்லுங்கள். கேட்டகரி பி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அது வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு. இவர் நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்.

டூட்டிங்_மழை:
விதியைத் திரும்பப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தும் கேட்டகரி ஏ-யை நம்பி விண்ணப்பிக்காதவருக்கும் அது பொருந்தும். இரண்டு பரீட்சை, இரண்டிலும் தேற வேண்டும். ஒன்று, விண்ணப்ப நாளில் இருக்கும் ஆண்டுச் சம்பளம்: 29,400, தேறியது. இரண்டு, கடந்த 12 மாதத்தில் உண்மையில் கைக்கு வந்த மொத்த வருமானம், வரி பிடிக்கும் முன். மூன்று மாதம் 2,450 வீதம் 7,350. ஒன்பது மாதம் பழைய சம்பளம், 20,400. கூட்டினால் 27,750. ஓவர்டைம் 1,500 சேர்த்தால் 29,250. சேமிப்பே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், விதியில் அந்த வாக்கியம் கண்ணில் படவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உபரி 250 தான், அந்த 12 மாத ஜன்னலும் மாதாமாதம் நகரும். பழைய ஆறு மாதத்தில் ஓவர்டைம் 800 இருக்கிறதே, அது எந்தெந்த மாதத்தில்? முதல் மாதத்தில் குவிந்திருந்தால் அடுத்த சம்பளத்தோடு அது வெளியே போய்விடும்.

ஹாரோ_வாசி:
450 பவுண்ட் அந்த முதல் மாதத்தில்தான்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் அடுத்த மாதம் போட்டால்: பழைய 2,267 போய் 2,450 வரும், 183 கூடும், 450 கழியும். 28,983. பதினேழு பவுண்டில் தோற்பார், அந்த மாதம் புதிதாக ஓவர்டைம் செய்யாவிட்டால்.

டூட்டிங்_மழை:
ஆக, அடுத்த சம்பள நாளுக்குள் போட வேண்டும், மூன்று மாதம் கழித்தல்ல. நான் சொன்னதுதான்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சொன்னது சேமிப்பைக் கோர்க்கச் சொல்லி. சரி, அது போகட்டும். 12 மாத பேஸ்லிப், அதே 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்; ஒவ்வொரு பேஸ்லிப்பின் நிகரத் தொகையும் ஸ்டேட்மென்டில் அதே எண்ணாக வரவேண்டும். கடைசித் தாள் விண்ணப்ப நாளுக்கு 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. விண்ணப்ப நாள் என்பது ஆன்லைனில் பணம் கட்டிய நாள், விரல் ரேகை கொடுத்த நாள் அல்ல. கம்பெனிக் கடிதத்தில் நாலு விஷயம்: எத்தனை காலமாக வேலை, ஆண்டுச் சம்பளம், அந்தச் சம்பளம் எந்தத் தேதியிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா ஏஜென்சியா. மூன்றாவதைத்தான் எச்ஆர் வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
சொந்தக் கம்பெனியில டைரக்டராய் இருந்து தனக்குத் தானே பேஸ்லிப் போடுற ஆக்களுக்கும் இந்தக் கணக்குதானோ?

டூட்டிங்_மழை:
இல்லை அண்ணை. பங்குகள் குடும்பத்துக்குள் இருக்கும் கம்பெனியின் டைரக்டர் ஏ, பி இரண்டிலும் வர முடியாது. முழு நிதியாண்டுக் கணக்கு காட்டும் எஃப் அல்லது ஜி தான். சேமிப்பையும் அதோடு கோர்க்க முடியாது. வரி குறைய லாபத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். தனி இழை தொடங்குங்கள், அது பெரிய கதை.

ஹாரோ_வாசி:
சம்பள நாள் இன்னும் 11 நாளில். எச்ஆரிடம் கடிதம் கேட்டு எழுதியாயிற்று, சம்பளம் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்க்கச் சொல்லி.