2032-ல கல்லு விழுமாம், என் இஎம்ஐ 2041 வரைக்கும் இருக்கு

குழு: காவேரிக்கரை குடும்பம் (கும்பகோணம்)

— 19 பிப்ரவரி 2025, புதன் —

சுந்தரம் பெரியப்பா, காலை 6:02
(பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது)
🔴அதிர்ச்சித் தகவல்🔴 2032 டிசம்பர் 22 ராட்சத விண்கல் பூமி மேல மோதப்போகுது!! நாசா விஞ்ஞானிகள் கதறல்!! லிஸ்ட்ல இந்தியாவும் இருக்கு!! இந்த வீடியோவ உடனே எல்லாருக்கும் அனுப்புங்க

ராஜி அத்தை, 6:10
அண்ணா காலங்காத்தால ஒரு குட் மார்னிங் ரோஜாப்பூ போடுவீங்கல்ல அதையே போட்டிருக்கலாம்

கார்த்தி, 7:31
பெரியப்பா யாரும் கதறல. மோத வாய்ப்பு 3.1 சதவீதம்னு போட்டிருக்காங்க அவ்ளோதான். ஆனா எனக்கு ஒரு டவுட்டு, என் வீட்டு லோன் 2041 வரைக்கும் ஓடுது, 2032-ல முடியுதுன்னா மீதி ஒம்பது வருஷத்த தள்ளுபடி பண்ணுவாங்களா

விமலா (அம்மா), 7:33
வாயக் கழுவு. கிரகப்பிரவேசம் பண்ணி நாலு வருஷங்கூட ஆகல

பாலு மாமா துபாய், 7:40
கார்த்தி, பூமியே போனாலும் மெசேஜ் வரும்டா, டியர் கஸ்டமர் யுவர் இஎம்ஐ ஈஸ் டியூன்னு 😂

சுந்தரம் பெரியப்பா, 7:52
சிரிங்க சிரிங்க. போன மாசக் கடைசியில ஒரு சதவீதம், இப்ப 3.1. ஏறிக்கிட்டே போகுது தங்கம் மாதிரி

ராஜி அத்தை, 7:53
தங்கம் பவுன் 64 ஆயிரம் தாண்டிருச்சு அதுக்கு ஒருத்தரும் கதறல

கார்த்தி, 8:01
செல்வி அக்கா எங்க? பிசிக்ஸ் டீச்சர வச்சுக்கிட்டு நாமளே பேசிட்டு இருக்கோம்

செல்வி அக்கா திருச்சி, மதியம் 12:48
இப்பதான் லஞ்ச் பிரேக். முதல்ல பேரைச் சொல்றேன், 2024 ஒய்ஆர்4. அப்பா நீங்க அனுப்பின வீடியோல ஏதோ அரக்கன் பேரு மாதிரி சொல்றான், அது டோக்கன் நம்பர். ஒவ்வொரு அரை மாசத்துக்கும் ஒரு எழுத்து, ஒய்-னா டிசம்பர் 16-ல இருந்து 31. ஆர்4-னா அந்த அரை மாசத்துல சிக்கின 117-வது ஆளு

ராஜி அத்தை, 12:50
ரேஷன் கடைல எனக்கு போன மாசம் 117-தான் வந்துச்சு, துவரம் பருப்பு தீந்துபோச்சுன்னுட்டான்

செல்வி அக்கா, 12:55
இன்னொரு கூத்து கேளுங்க. சிலி நாட்டுல இருக்கிற அட்லஸ் டெலஸ்கோப் இதக் கண்டுபிடிச்சது டிசம்பர் 27. கல்லு பூமிக்குப் பக்கத்துல வந்தது டிசம்பர் 25. அதாவது சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து எட்டிப் பாத்துட்டு போனப்புறம், ரெண்டு நாள் கழிச்சு, முதுகைப் பாத்துதான் யாரோ வந்திருக்காங்கன்னே கண்டுபிடிச்சிருக்காங்க

பாலு மாமா துபாய், 12:57
நான் ஊருக்கு வந்துட்டுப் போனதும் இப்படித்தான் மச்சானுக்குத் தெரியும். ஏர்போர்ட்ல இருந்து போட்டோ போட்டாதான் அட வந்திருந்தியான்னு கேப்பாரு

சுந்தரம் பெரியப்பா, 1:05
மாப்ளே நீங்க வந்தா சென்னையோட திரும்பிருவீங்க அது யார் தப்பு

விமலா (அம்மா), 1:15
செல்வி எவ்ளோ பெருசுடி அது?

செல்வி அக்கா, 1:17
40 மீட்டர்ல இருந்து 90 மீட்டர் வரைக்கும் சொல்றாங்க சித்தி. வெளிச்சத்த வச்சு போடுற கணக்கு அது, கருப்புக் கல்லா இருந்தா பெருசு, வெளுப்பா இருந்தா சின்னது. நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது 66 மீட்டர். அது நடுவுல நிக்குதுன்னு வச்சுக்கங்க. ஊரை அழிக்கும், உலகத்த அழிக்காது

சுந்தரம் பெரியப்பா, 1:20
ஊருன்னா எந்த ஊரு?

செல்வி அக்கா, 1:24
விழுந்தா இந்தக் கோட்டுலதான் விழணும்னு ஒரு பட்டை போட்டிருக்காங்க. பசிபிக் கிழக்குல ஆரம்பிச்சு தென் அமெரிக்கா வடக்கு, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல், அப்புறம் தெற்காசியா. அதுல நிறைய இடம் கடல்தான். வகுப்புக்குப் போறேன் சாயங்காலம் வர்றேன்

கார்த்தி, 1:26
பாலு மாமா நீங்க அரபிக்கடல் சைடு

பாலு மாமா துபாய், 1:27
இங்க வாடகையைப் பாத்தா கல்லு விழுறதே பரவால்ல

விமலா (அம்மா), 3:40
காலண்டர்ல தேடிப் பாத்தேன், அன்னைக்கு புதன்கிழமை, மார்கழி மாசம். மார்கழில எந்த விசேஷமும் வைக்க மாட்டாங்க. கல்யாண மண்டபம் அட்வான்ஸ் குடுத்தவங்க யாரும் பயப்பட வேணாம்

ராஜி அத்தை, 3:42
காலைல எத்தன மணிக்குன்னு கேளுங்க, வாசல்ல கோலம் போட்டப்புறம் விழுந்தா மனசு ஆறாது

சுந்தரம் பெரியப்பா, 6:30
எல்லாம் சரி, 3.1 ஏன் ஏறுச்சு? அதுக்கு பதில் வரல. ஏறுதுன்னா கிட்ட வருதுன்னுதானே அர்த்தம்

செல்வி அக்கா, இரவு 8:15
அதான் இல்லப்பா. நம்ம தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க, எவனோ தூக்கி அடிச்சுட்டான், நீங்க உள்ள ஈசிசேர்ல படுத்திருக்கீங்க சத்தம் மட்டும் கேக்குது, தெருவுல நூறு வீடு, எந்த வீட்டு ஜன்னல்னு தெரியாது, அப்ப உங்களுக்கு நூத்துல ஒண்ணு. அப்புறம் எவனோ தெற்கு பக்கம்டா பிள்ளையார் கோயிலுக்கு இந்தப் பக்கம்டான்னு கத்துறான், அதுல 32 வீடு, நம்ம வீடும் ஒண்ணு. இப்ப 32-ல ஒண்ணு, அதாவது 3.1 சதவீதம். பந்து நம்ம பக்கம் ஒரு இஞ்சுகூட திரும்பலப்பா, மத்த வீடு லிஸ்ட்ல இருந்து போச்சு அதனால நம்ம பங்கு கூடிருச்சு. இன்னும் ரெண்டு தடவ கத்தினா பெரும்பாலும் நம்ம வீடும் லிஸ்ட்ல இருந்து போயிரும், டக்குனு சைபர் ஆயிரும்

கார்த்தி, 8:19
அக்கா சூப்பர். ஆனா எதிர்வீட்டு ஜன்னல உடைச்சப்ப சைபர் ஆகல, பெரியப்பாதான் 350 ரூபா குடுத்தாரு

சுந்தரம் பெரியப்பா, 8:21
அந்தப் பந்த அடிச்சவன் நீதான்டா

செல்வி அக்கா, 8:24
எங்க எட்டாம் வகுப்புல 32 பிள்ளைங்க. இன்னைக்கு ஒருத்தரத்தான் கேள்வி கேப்பேன்னு சொன்னா 32 பேரும் மேஜைக்கு அடில குனியுதுங்க. 32-ல ஒண்ணுன்னா சின்ன விஷயமும் இல்ல, இந்த சைஸ் கல்லுல இதுவரைக்கும் வந்த பெரிய சதவீதமே இதுதான். நீங்க பயந்தது தப்பில்லப்பா, அந்த வீடியோவ நம்பினதுதான் தப்பு

அஸ்வின் (செல்வி அக்கா மகன்), 8:40
தாத்தா ராக்கெட் விட்டு இடிச்சா கல்லு தள்ளிப் போயிரும். 2022 செப்டம்பர் 26 நாசாவோட டார்ட்னு ஒரு விண்கலம் டைமார்போஸ்ங்கிற கல்லு மேல போய் இடிச்சுச்சு

ராஜி அத்தை, 8:42
என்னடா பேரு அது வயித்துவலி மாத்திரை மாதிரி

அஸ்வின், 8:45
பாட்டி அது ஒரு பெரிய கல்ல சுத்துற குட்டிக் கல்லு. ஒரு சுத்துக்கு 11 மணி நேரம் 55 நிமிஷம் எடுத்துட்டு இருந்தது இடிச்சப்புறம் 11 மணி நேரம் 23 நிமிஷத்துல சுத்துது. 73 செகண்ட் மாறினாலே பாஸ்னு வச்சிருந்தாங்க 32 நிமிஷம் மாறிடுச்சு

கார்த்தி, 8:47
தாம்பரத்துல இருந்து கும்பகோணம் வர்ற பஸ்ஸை அப்படி யாராச்சும் பின்னாடி வந்து இடிங்கப்பா, அரை மணி நேரம் முன்னாடி வந்து சேரட்டும்

பாலு மாமா துபாய், 9:10
நாம பாத்துட்டே இருக்கிற கல்லு வராது, பாக்காத கல்லுதான் வரும். 2013 பிப்ரவரி 15 ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஒரு கல்லு 27,700 கிலோமீட்டர்ல கடந்து போகுதுன்னு உலகமே அண்ணாந்து பாத்துட்டு இருந்துச்சு, அதே நாள் காலைல ரஷ்யா செல்யாபின்ஸ்க்ல வேற ஒண்ணு, 20 மீட்டர்தான், சூரியன் பக்கமிருந்து வந்ததால ஒருத்தர் கண்லயும் படல, நேரா வந்து மேலயே வெடிச்சுது

ராஜி அத்தை, 9:12
வாசல்ல சம்பந்தி வருவாங்கன்னு காத்திருந்தா கொல்லைப்பக்கமா பால்காரன் வந்து நிப்பானே அந்த மாதிரி

செல்வி அக்கா, 9:20
மாமா சொன்னது கரெக்ட். அதுல ஒரு விஷயம் எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. அங்க சுமார் 1500 பேருக்கு அடி, முக்காவாசி கண்ணாடி கிழிச்சது. வானத்துல பளீர்னு வெளிச்சம் வந்ததும் என்னடா அதுன்னு எல்லாரும் ஜன்னல் கிட்ட ஓடியிருக்காங்க. வெளிச்சம் உடனே வந்துரும், அதிர்வு ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் வரும். எல்லாரும் மூக்கை கண்ணாடில ஒட்டி நிக்கிற நேரமா பாத்து வந்துச்சு

விமலா (அம்மா), 9:22
நம்ம தெருவுல ஒரு ஆம்புலன்ஸ் போனாலே ஒம்பது பேரு ஜன்னல்ல தொங்குவாங்க. அதுல முதல் ஆளு சுந்தரம் மாமாதான்

சுந்தரம் பெரியப்பா, 9:25
நான் நிலவரம் தெரிஞ்சு உங்களுக்கெல்லாம் சொல்றதுக்காகப் பாக்கறேன்

— 20 பிப்ரவரி, வியாழன் —

சுந்தரம் பெரியப்பா, காலை 6:15
1.5 ஆ குறைஞ்சிருச்சாம். நேத்து நான் எல்லாருக்கும் அனுப்பினேன்ல

கார்த்தி, 7:02
பெரியப்பா நீங்க ஃபார்வர்ட் பண்ணதுல கல்லு பயந்து திரும்பிருச்சா 😂😂

ராஜி அத்தை, 7:05
யாரும் சிரிக்காதீங்க நேத்து சாயங்காலம் நான் கும்பேஸ்வரருக்கு பாலபிஷேகம் வேண்டிக்கிட்டேன்

— 21 பிப்ரவரி, வெள்ளி —

செல்வி அக்கா, காலை 9:03
0.28. சொன்னேன்ல. பந்து வேற தெருவுக்குப் போயிட்டிருக்கு

பாலு மாமா துபாய், 9:30
அப்ப அடுத்த கல்லு எப்ப, லீவு போடணும்

செல்வி அக்கா, 9:41
அபோபிஸ். இது பயப்படற கல்லு இல்ல, பாக்கற கல்லு. 2004-ல 2.7 சதவீதம் வரைக்கும் ஏறி உலகத்தையே நடுங்க வச்சது, அப்புறம் இறங்கிருச்சு, இன்னும் நூறு வருஷத்துக்கு மோதாதுன்னு 2021-ல உறுதியாச் சொல்லிட்டாங்க. 2029-ல சுமார் 32 ஆயிரம் கிலோமீட்டர்ல கடந்து போகும். நம்ம டிவி சேட்டிலைட்டெல்லாம் 36 ஆயிரத்துல சுத்துது, அதுக்கும் கீழ. ஐரோப்பா ஆப்பிரிக்கா பக்கமெல்லாம் வெறுங்கண்ணுலயே தெரியுமாம். அவங்களுக்கு அது ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை, 13-ம் வெள்ளியும் சேந்து வந்தா வெள்ளைக்காரனுக்கு ராகுகாலம் எமகண்டம் ரெண்டும் ஒண்ணா வந்த மாதிரி. நம்ம கடிகாரத்துக்கு ரொம்ப கிட்ட வர்றது விடியக்காலை மூணேகால் மணிக்கு, அதாவது ஏப்ரல் 14

விமலா (அம்மா), 9:43
ஏப்ரல் 14-ஆ? சித்திரை ஒண்ணுடி! கண்ணாடி, பழத்தட்டு, தங்கம் எல்லாம் வச்சு கனி காணணும், இதுல கல்ல எங்க வைக்கறது

ராஜி அத்தை, 9:44
மாங்கா பச்சடி பண்ணி வச்சிருவோம் வந்தா சாப்ட்டுட்டு போகட்டும்

— 25 பிப்ரவரி, செவ்வாய் —

செல்வி அக்கா, காலை 8:20
பூமிக்கு 0.004 சதவீதம். கேஸ் க்ளோஸ். மார்ச்சுல ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பாக்கப்போகுது, சைஸ் சரியாத் தெரிஞ்சிரும். அப்புறம் 2028-லதான் மறுபடி இந்தப் பக்கம் வரும்

கார்த்தி, 8:22
அப்ப இஎம்ஐ கட்டணும் 😭

ராஜி அத்தை, 8:25
அபிஷேகத்துக்கு ஆளுக்கு 300 ரூபா ஜிபே பண்ணுங்க. உயிரைக் காப்பாத்திருக்கேன்

அஸ்வின், 8:31
ராஜி பாட்டி நிலாவுல விழறதுக்கு இன்னும் 1.7 சதவீதம் இருக்காம்

சுந்தரம் பெரியப்பா, 8:32
என்னது நிலாவுலயா??

கார்த்தி, 8:33
விழட்டும் பெரியப்பா. ஏற்கனவே அது நம்ம பைபாஸ் ரோடு மாதிரிதான இருக்கு, இன்னொரு குழி விழுந்தா யாருக்குத் தெரியப்போகுது

சுந்தரம் பெரியப்பா, 8:40
(பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது)
🔴அதிர்ச்சி🔴 நிலவு இரண்டாக உடையப்போகுது!! அமாவாசை இனி

சுந்தரம் பெரியப்பா, 8:41
இந்த மெசேஜ் டெலிட் செய்யப்பட்டது

செல்வி அக்கா, 8:42
அப்பா நான் பாத்துட்டேன்

ராஜி அத்தை, 8:46
நிலான்னா அப்ப திங்களூருக்குத்தான் போகணும், அங்கதான் சந்திரன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிளம்புங்க, திருவையாறுல அப்படியே அல்வா வாங்கிக்கலாம். வேனுக்கு யாரு சொல்றது?

பாலு மாமா துபாய், 8:50
வேன் வாடகை என் தலையிலன்னா 2032 வரைக்கும் தள்ளிப் போடு ராஜி, எப்படியும் மார்கழில சீசன் கம்மியா இருக்கும்