சிறுவர் அளவு 20 கேஜ் துப்பாக்கியை வான்கோழி வேட்டைக்கு மாற்ற எதற்கு முதலில் செலவழிப்பது?

காட்டுவழி: என்னிடம் இருப்பது மாஸ்பெர்க் 500 பாண்டம் துப்பாக்கி, 20 கேஜ் (குழல் துவார அளவு), 22 அங்குலக் குழல், குறிபார்க்க முனையில் வெறும் மணி. வசந்தகால சீசனுக்குள் 40 கெஜம் வரை நம்பிச் சுடும்படி ஆக்க வேண்டும். சுடப்போவது பெரியவர். கையில் 200 டாலர்தான். சோக் (ரவை பரவாமல் குழல் வாயை இறுக்கும் குழாய்), ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி), பெயின்ட், நீளமான கட்டை (தோளில் பதியும் பின்பகுதி), இதில் எது முதலில்?

ரவைக்கணக்கு: டங்ஸ்டன் ரவைத் தோட்டாவும் சோக்கும்தான். மற்றதெல்லாம் மிச்சக் காசுக்கு.

டங்ஸ்டன் ரவையின் (தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுமணிகள்) அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 18 கிராம், ஈயத்துக்கு 11. அதனால் 9ஆம் எண் பொடி ரவையே (எண் கூடினால் ரவை சிறியது) பறவையின் கழுத்தை ஊடுருவும். 5ஆம் எண் ஈயம் ஒரு அவுன்சில் சுமார் 170 ரவை. 9ஆம் எண் டங்ஸ்டன் சுமார் 360. சின்ன கேஜ் இன்று பெரிய துப்பாக்கியோடு போட்டி போடுவது இதனால்தான். ஆனால் ரவை அளவுக்கும் கேஜுக்கும் பல மாநிலங்களில் வரம்பு உண்டு. உங்கள் மாநில விதியைப் பார்த்த பிறகே பெட்டியை வாங்குங்கள்.

உங்கள் குழல் சோக் மாற்றும் வகைதானா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் அதன் மரை அக்யூ-சோக். வின்-சோக், சாதாரண இன்வெக்டர் என்ற மரை வகைச் சோக்குகளும் அதில் ஏறும், இன்வெக்டர் பிளஸ் ஏறாது. டங்ஸ்டனுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லும் சோக்காக இருக்கட்டும். ரொம்ப இறுக்கமானதைத் தேடி ஓடாதீர்கள். அளவு மீறினால் ரவைக்கூட்டம் திட்டுத் திட்டாகப் பிரிந்து நடுவில் ஓட்டை விழும். மரையில் கிரீஸ் தடவுங்கள், சில தோட்டாவுக்கு ஒருமுறை துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு இறுக்கம் பாருங்கள். தளர்ந்த சோக் குழல் வாயையே கெடுத்துவிடும்.

குறிமுனை: சோக் முதலில் என்பது சரி. ஆனால் குறிபார்க்கும் கருவியை மிச்சக் காசில் சேர்ப்பதை ஏற்க மாட்டேன். மரத்தில் சாய்ந்து, உடலை முறுக்கிச் சுடும்போது கன்னம் கட்டையை விட்டு எழும்பும். கால் அங்குலம் எழும்பினாலே 40 கெஜத்தில் ரவை சுமார் ஒரு அடி மேலே போகும். எவ்வளவு நல்ல சோக் இருந்தும் பயனில்லை. விலை குறைந்த ரெட் டாட் போதும், உதை தாங்குவதாக இருந்தால் சரி.

ரெட் டாட்டின் தளத்தை மாட்ட, ரிசீவர் (குழலுக்குப் பின்னால், தோட்டா ஏறும் நடுப்பகுதி) மேல் திருகுத் துளைகள் இருக்கும். ரிசீவர் அலுமினியம், அதிகம் முறுக்கினால் மரை உரிந்துவிடும். துளையில் எண்ணெயைத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, தளத்தோடு வந்த குறிப்பு சொல்லும் அளவுக்கே இறுக்குங்கள்.

காட்டுவழி: டங்ஸ்டன் ஒரு தோட்டாவே பல டாலர். எத்தனை வீணாகும்?

ரவைக்கணக்கு: மூன்று போதும். மலிவான ஈயத் தோட்டாவில் 20 கெஜத்தில் புள்ளியை ஏறக்குறைய சரிசெய்துவிடுங்கள். பிறகு அகலத் தாளில் 40 கெஜத்தில் டங்ஸ்டன். அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். 100 ரவைக்குக் குறைந்தால் தூரத்தைக் குறையுங்கள். நடு விலகியிருந்தால் ரெட் டாட்டைத் திருப்புங்கள்: 1 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 40 கெஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 15 கெஜத்திலும் ஒன்று சுடுங்கள். அங்கே கூட்டம் கைமுஷ்டி அளவுதான், கிட்டத்தில் தவறவிடுவது இதனால்தான்.

மெல்லடி: கட்டையை மாற்ற வேண்டாம். உட்கார்ந்து சுட குட்டைக் கட்டையே வசதி. ஒரு அங்குலம் கூட்டும் ரப்பர் உறை மாட்டினால் நீளமும் கிடைக்கும், 3 அங்குலத் தோட்டாவின் உதையும் தணியும். பெயின்டுக்குப் பதில் துணி டேப் சுற்றுங்கள். பளபளப்பு போனால் போதும். வரிசை எண், சேஃப்டி, சோக் மரை மூடக்கூடாது. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் வெளியே தெரியவே கூடாது. வான்கோழிச் சேவலின் தலை நிறம் அதுதான், இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவையென்று நினைத்துவிடுவார்.