ப்ளாக்ல புதுசா போட்டா படிக்க ஆள் இல்ல, மெயில்ல அனுப்ப வழி இருக்கா?

மும்பை மாட்டுங்கால இருக்கேன், 2010ல இருந்து ப்ளாக்ஸ்பாட்ல தமிழ்ல எழுதறேன், தாராவி, சயான் கோலிவாடா, நம்மாளுங்க கடை, கோயில்னு இப்படித்தான். கொஞ்ச வருஷமா புதுசா எதப் போட்டாலும் ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல.

சோஷியல் மீடியால போட்டா லைக் வருது, ஆனா மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைங்க பத்தி அங்க போன வருஷம் எழுதினத நானே தேடி எடுக்க முடியல, ப்ளாக்ல இருக்கிற பழசெல்லாம் தேடுனா டக்குனு வந்து நிக்குது. அதனால மூடற ஐடியா இல்ல (மூடச் சொல்ல வீட்லயே ஆள் இருக்கு).

செஞ்சு பார்த்தது: சோஷியல் மீடியால லிங்க் மட்டும் போட்டேன், யாரும் கிளிக் பண்ணல. முழுசா அங்கயே போட்டு லிங்க்க கமென்ட்ல வெச்சேன், 'அருமை'ன்னு போட்டுட்டு போயிடறாங்க. வாட்ஸ்அப் குரூப்ல குட்மார்னிங் படங்களுக்கு நடுவுல காணாமப் போகுது. ஆர்எஸ்எஸ் ஃபீட் (புதுப் பதிவு வந்தா ரீடர் ஆப்ல தானா காட்டற வசதி) இருக்கு, அதப் படிக்கற கூகுள் ரீடர 2013ல மூடினப்புறம் அத யாரு சேக்கறா. புதுப் பதிவ மெயில்ல அனுப்பிட்டிருந்த கூகுளோட ஃபீட்பர்னர் ஈமெயில் சப்ஸ்கிரிப்ஷனும் 2021 ஜூலையோட நின்னுபோச்சு, அதுல சேந்தவங்க மெயில் ஐடி லிஸ்ட்ட மட்டும் சிஎஸ்வி ஃபைலா எடுத்து வெச்சிருக்கேன்.

இந்த லிஸ்ட்ட வெச்சு, ப்ளாக்ஸ்பாட்ட விடாம, புதுப் பதிவு போட்டதும் தானா மெயில் போற மாதிரி, தமிழ் எழுத்து உடையாம, நீங்க யாராவது ஓட்டிட்டு இருக்கீங்கன்னா எந்த சர்வீஸ்ல?