திருகோணமலையிலிருந்து தனிய பைக்கில்: கூடாரத்தோட 7 நாள்

கேட்டது: திருகோணமலையில வெளிக்கிட்டு மட்டக்களப்பு, பொத்துவில், மொனராகலை, எல்ல, பதுளை, மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரண எண்டு சுத்தி வீடு வர 7 நாள். தனிய. கையில பஜாஜ் சி.டி.100 ஒண்டு இருக்கு, யமஹா எஃப்.ஸெட் ஒண்டு இரவல் வாங்கலாம். ஹோட்டல் வேண்டாம், கூடாரம்தான். எதில போறது, என்ன கட்டுறது, எங்க படுக்கிறது? போய்வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

உப்புவெளியிலிருந்து

தம்பி, முழுச்சுத்தும் 700 கிலோமீற்றர் அளவுதான். அதை 7ஆல பிரிச்சு "நாளுக்கு 100 தானே" எண்டு நினைக்கிறதிலதான் முதல் பிழை வருது. திட்டத்தைப் பின்னாலயிருந்து போடுங்கோ. பின்னேரம் 4.30க்கு எங்க நிப்பீங்கள்? அந்த இடத்தை முதல் குறிச்சுப்போட்டு, அங்கயிருந்து காலமை வரைக்கும் எண்ணி வாங்கோ. ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். இடம் கேட்டுக் கதைக்க அரை மணித்தியாலம், கூடாரம் அடிச்சுப் பழகாத கைக்கு 40 நிமிசம், தண்ணி எடுத்துக் குளிச்சுச் சமைக்க மிச்சம். 5.30க்கு வந்து சேர்ற ஆள் கிடைச்ச இடத்தில படுப்பார். கிழக்கிலயும் வடமத்தியிலயும் கிடைச்ச இடத்தில படுக்கக் கூடாது. ஏனெண்டு கந்தளாய்க்காரர் சொல்லுவார்.

சாமான் கட்டின 100 சி.சி. பைக், தேத்தண்ணிக்கு நிக்கிறதையும் சேர்த்து, மணித்தியாலத்துக்கு 35 தொடக்கம் 40 கிலோமீற்றர்தான் ஓடும். பொத்துவிலுக்குக் கிட்ட இருக்கிற அறுகம்பைக்கு ஏறக்குறைய 240. ஒரே நாளில ஓடலாம்தான், ஆனா 6, 7 மணித்தியாலம் சீற்றிலயே போயிடும். வாகரையிலயோ மட்டக்களப்புக்குக் கிட்டவோ ஒரு இரவு போடுங்கோ.

காலம் யூன் தொடக்கம் ஆகஸ்ட். கார்த்திகை, மார்கழியில வாடை மழைக்கு வெருகல் பக்கம் தண்ணி ஏறினால் ஏ15 (திருகோணமலை–மட்டக்களப்பு) றோட்டில மூதூருக்கு அங்கால போகேலாது. கன பேர் மறக்கிறது ஒண்டு இருக்கு: பதுளை, எல்ல மலைதான் எண்டாலும் அதுக்கும் பெரிய மழை எங்களைப்போல வாடைக்காலத்திலதான். நுவரெலியாவின்ர மேற்குச் சரிவு நனையிற யூன், யூலையில ஊவாப் பக்கம் காய்ஞ்சு கிடக்கும். அதால இந்தச் சுத்து முழுக்க ஒரே பருவத்துக்குள்ள அடங்கும்.

நீங்கள் சொன்ன திசையும் சரி, மாத்தவேண்டாம். அந்த மாதங்களில கச்சான் காத்து தென்மேற்கிலயிருந்து அடிக்கும். ஹபரணயிலயிருந்து கந்தளாய் வழியா வீடு வரேக்க முதுகில தள்ளும். அதே றோட்டால போனீங்களெண்டால் 85 கிலோமீற்றரும் நெஞ்சில வாங்கிக்கொண்டு ஓடவேணும். பெற்றோலும் கூடக் குடிக்கும்.

எந்த பைக்? சி.டி.100. எஃப்.ஸெட்டுக்கு டிஸ்க் பிரேக் இருக்கு, ரியூப் இல்லாத ரயர் இருக்கு, மலை ஏறவும் சுகம். எண்டாலும் சில மொடலில உதைச்சு ஸ்டார்ட் பண்ணேலாது. பற்றி இறங்கினால் தனி ஆள் சாமானோட தள்ளவேணும். சி.டி.100க்கு எந்தச் சந்திக் கடையிலயும் சாமான் கிடைக்கும், செயின் மூடியிருக்கிறதால மணலும் உள்ள போறது குறைவு. இரவல் பைக்கின்ர சத்தத்தில எது வழமை, எது நோய் எண்டு உங்களுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய காரணம்.

கிண்ணியாவிலிருந்து

சுமை பற்றி மட்டும் சொல்றன். தண்ணியோட சேர்த்து 18 கிலோ, அதுக்கு மேல வேணாம். தராசில போட்டுப் பாருங்க. கையால தூக்கிப் பாத்து "பத்து கிலோ வரும்" என்று சொல்ற பை எப்பவும் பதினாலு இருக்கும்.

ரெண்டு பக்கமும் தொங்கிற பை ஒவ்வொன்றிலயும் 6 கிலோ. கருவி, தண்ணி, கேஸ் டின் எல்லாம் அடியில, முன்பக்கமா. கூடாரமும் பாயும் உருட்டி, பின் சீற்றில குறுக்க. பின் கேரியரில மழைக்கோட்டு மாதிரி 2 கிலோவுக்குள்ள ஏதாவது. பின் அச்சுக்கு அங்கால பாரம் ஏற ஏற முன் சில்லு லேசாகும். 60இல போகக்குள்ள ஹான்டில் ஆடத் தொடங்கும். ஆட்களுக்குப் பயம் வந்து பிரேக்கை அமத்துவாங்க, ஆட்டம் கூடும். அந்த நேரம் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காம, திறொட்டிலை மெதுவா விட்டுக் குறைக்கணும்.

கட்டிறதுக்குக் கொக்கி போட்ட இழுவை நாடா வாங்க வேணாம். கொக்கி கழண்டா ஒன்று கண்ணில அடிக்கும், இல்லாட்டி ஸ்போக்குக்குள்ள போகும். பழைய ரியூப்பை 3 சென்ரிமீற்றர் அகலத்துக்கு, ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு நாடாவா வெட்டுங்க. மீன் பெட்டி கட்டிற ஆக்கள் கட்டிறதப் பாத்திருப்பீங்களே, அதே கட்டுத்தான். ஒரு நுனியை ஃபிரேமில முடிஞ்சு, பாதி நீளம் இழுபடும்வரை இழுத்து, பைக்கு மேலால ரெண்டு சுத்து. கடைசி நுனியை இழுத்த நாடாவுக்கு அடியில செருகி மடிச்சு விடுங்க. ரப்பரை ரப்பர் பிடிக்கும், வழுக்காது. சைலன்ஸரில முட்டினா உருகும், அதுக்கு 4 விரல் தூரம் விடணும். முதல் 10 கிலோமீற்றரில பை அமுங்கி எல்லாக் கட்டும் இளகும். சாமான் விழுறது அனேகமா அந்த நேரம்தான்.

ரயர்: சி.டி.100க்கு முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17. ரெண்டுக்கும் பொருந்திற ரியூப் ஒன்றே கிடைக்கும், ஒன்று கொண்டுபோனாக் காணும். ரயர் லெவல் (ரயர் நெம்பிற இரும்பு) ரெண்டு, கால் பம்ப், ஒட்டுத்துண்டு, சவர்க்காரத் துண்டு. பின் சில்லு கழட்ட உங்கட அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பேனர் இருக்கா என்று வீட்டிலயே கழட்டிப் பாருங்க. பைக்கோட வந்த கருவிப் பையில அந்த ஸ்பேனர்தான் வழமையா இல்லாமப் போயிருக்கும்.

மாத்தின புது ரியூப் உடனே காத்து இறங்கினா அனேகமா லெவல் கடிச்சிருக்கு. பழையதக் கழட்டினதும் ரயருக்கு உள்பக்கம் விரலால தடவி முள்ளைத் தேடி எடுங்க, துணி சுத்தின விரலால. புது ரியூப்புக்கு வட்டம் வாற அளவு கொஞ்சம் காத்து அடிச்சிட்டு உள்ள வையுங்க. ரயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் இருந்து ஏத்தத் தொடங்கி, வால்வடியில முடியுங்க. கடைசி இடத்தில வால்வை உள்ளுக்கு ஒருக்கா தள்ளிவிட்டா ரியூப் விளிம்புக்கு அடியில மாட்டாது. ஏத்தின பக்கத்து விளிம்பு றிம்மின்ட நடுப் பள்ளத்துக்குள்ள இறங்கி இருக்கணும். அப்படி இருந்தா கடைசித் துண்டு உள்ளங்கையாலயே ஏறும். லெவலில தொங்கவேண்டி வந்தா ஏதோ பிழை.

இன்னொன்று: சுமையோட காத்துக் குறைவா ஓடினா றிம்முக்கு மேல ரயர் நகரும், ரியூப்பையும் இழுக்கும், வால்வு அடியோட கிழியும். அதை ஒட்டேலாது. வால்வு சரிஞ்சு நிக்கிறதக் கண்டா அந்த இடத்திலயே காத்து அடியுங்க.

கிளச் கேபிள் புதுசு ஒன்று வாங்கி, பழைய கேபிளோட பக்கத்திலயே ஓடவிட்டு டேப் சுத்தி வையுங்க. ரெண்டு நுனிக்கும் பொலித்தீன் கட்டுங்க. அறுந்தா 5 நிமிச வேலை. பிளக் ஒன்று, செயின் லொக் (செயின் நுனிகளை இணைக்கிற துண்டு) ஒன்று, பியூஸ் ரெண்டு, ஹெட்லைட் பல்ப் ஒன்று. வேற ஒன்றும் வேணாம், கராஜைத் தூக்கிக்கொண்டு போறதில்ல.

கந்தளாயிலிருந்து

கிண்ணியா நானா சொன்னதோட சேர்த்து, பழத்தைப் பைக்கில தொங்கவிடாதீங்கோ. வாழைப்பழமும் உப்பும் யானைக்கு நல்லா மணக்கும். றோட்டோரம் பழத்துக்குக் காத்து நிண்டு பழகின யானையளும் இருக்கு.

உங்கட பாதையில கவனிக்கவேண்டிய துண்டுகள்: பொத்துவில் தாண்டி லாகுகல, பொலன்னறுவைக்கும் ஹபரணவுக்கும் இடையில மின்னேரியாப் பக்கம், பிறகு ஹபரண–கந்தளாய். இந்த மூண்டையும் காலமை 7க்குப் பிறகு, பின்னேரம் 4.30க்கு முதல் கடவுங்கோ. கோடையில காட்டுக்குள்ள தண்ணி வத்தி யானையெல்லாம் குளத்தடிக்கு வரும். நீங்கள் போற மாதங்கள் மழைக்கு நல்லம், யானைக்குக் கெட்டது. ரெண்டும் ஒண்டாத்தான் வரும்.

றோட்டில யானையைக் கண்டால் 100 மீற்றருக்கு முதலே நில்லுங்கோ. எஞ்சினை நிப்பாட்டாமல் பைக்கைத் திருப்பி, வந்த பக்கம் பார்க்க வையுங்கோ. சாமானோட பைக்கைத் திருப்ப எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு வீட்டு முத்தத்தில ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கோ. ஹோர்ன் வேண்டாம், லைட்டை அடிச்சு அடிச்சு நூக்கவேண்டாம். பஸ்ஸோ லொறியோ வரும்வரை நிண்டு, அதுக்குப் பின்னால போங்கோ. தனிய நிக்கிற ஆண் யானையும் குட்டியோட நிக்கிற தாயும்தான் துரத்துற சாதி.

படுக்கிறதுக்குக் குளக்கட்டு வேண்டாம். பார்க்க வடிவா இருக்கும், காத்தும் வரும், ஆனா அது யானை இறங்கிற வழி. குளத்தில முதலையும் கிடக்கும். ஊருக்குள்ள யானை வேலி இருந்தால் கூடாரம் வேலிக்கு வீட்டுப் பக்கம்தான். பொழுதுபடக் கரண்ட் போடுவினம். எத்தினை மணிக்கு எண்டு கேட்டு வையுங்கோ, உடுப்புக் காயப்போட அந்தக் கம்பியைப் பிடிக்காதீங்கோ. விறகுக்கோ வேற தேவைக்கோ காட்டோர ஒற்றையடிப் பாதையால இரவில நடக்கவேண்டாம். பண்டிக்குக் கட்டின கட்டுத்துவக்கு (நூலில தட்டினால் தானா வெடிக்கிறது) முழங்கால் உயரத்தில இருக்கும், நூல் கண்ணுக்குத் தெரியாது.

கேட்டுப் படுக்க நல்ல இடம் வீட்டு வளவு, கோயில் மடம், விகாரை, பள்ளிவாசல் வளவு. முகம் தெரியிற வெளிச்சத்தில போய், ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டு, "ஒரு இரவு, விடிய 6க்குப் போயிடுவன்" எண்டு அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டால் அனேகமா ஓம் எண்டுதான் சொல்லுவினம். தேசிய பூங்காவுக்குள்ள பைக்கை விடமாட்டினம். அங்க தங்க வனசீவராசிகள் திணைக்களத்தில முன்கூட்டியே பதியவேணும். இந்தச் சுத்துக்கு அதை மறந்துபோடுங்கோ.

நிலாவெளியிலிருந்து

கடற்கரையில கூடாரத்தோட வாற ஆணி மணலுக்குப் பிடிக்காது. யூரியாப் பை நாலு மடிச்சு எடுத்துப் போங்கோ, பாரமே இல்லை. பைக்குள்ள மணல் அள்ளி வாயைக் கட்டி, கயித்தை நடுவில முடிஞ்சு, முழங்கை ஆழத்துக்குப் புதைச்சு மிதியுங்கோ. கச்சான் அடிச்சாலும் அசையாது.

கூடாரத்தின்ர ஒடுங்கின பக்கம் தென்மேற்கைப் பார்க்கட்டும். வாசல் கடல் பக்கம். கீழ விரிக்கிற தறப்பாள் கூடாரத்தை விட ஒரு சாண் சின்னனா இருக்கவேணும். வெளியில நீட்டிக்கொண்டு கிடந்தால் மழைத்தண்ணியைப் பிடிச்சு நேர முதுகுக்குக் கீழ கொண்டுவந்து விடும். தென்னைக்குக் கீழ அடிக்காதீங்கோ. தேங்காய் மட்டுமில்லை, காய்ஞ்ச மட்டையும் கூடாரத்தைக் கிழிக்கும்.

வாடி (மீன்பிடிக்காரரின்ர கொட்டில்) இருக்கிற கரையெண்டால் வாடிக்காரரைக் கேட்டுத்தான். விடியப்பறம் வலை இழுக்கிற இடத்தில கூடாரம் நிண்டால் அவையளுக்குத்தான் கரைச்சல். கடற்படை வேலிப் பக்கம் படமும் எடுக்கவேண்டாம்.

சைட் ஸ்டாண்ட் மணலில இறங்கி பைக் சரியும். உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒண்டு, ஓட்டை போட்டுக் கயிறு கட்டி வையுங்கோ. ஏறி இருந்துகொண்டே இழுத்து எடுக்கலாம். கடற்கரையில படுத்த அடுத்த நாள் நல்ல தண்ணியால பைக்கைக் கழுவுங்கோ, பிரேக் லீவர் திரும்புற ஆணிக்கு ரெண்டு துளி ஒயில்.

மூதூரிலிருந்து

தண்ணி: நாளுக்கு 5 லீற்றர் கணக்குப் போடுங்க. கச்சான் காத்தில வேர்வை தெரியாமலே காய்ஞ்சிடும், தலையிடி வந்த பிறகுதான் விளங்கும். பொலன்னறுவைப் பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்க வேணாம்; வடிச்ச தண்ணி விக்கிற இடத்தில போத்தலை நிரப்புங்க.

பெற்றோல் பாதித் தாங்கிக்கு இறங்க விடாதீங்க. பொத்துவிலில நிரப்பாம பாணமைப் பக்கம் திரும்ப வேணாம்.

பாம்புக்கு ஒரே விதி, கூடாரச் சிப் எப்பவும் மூடி இருக்கணும், ஒரு நிமிசம் வெளியில போனாலும். கட்டுவிரியன் அனேகமா இரவில நிலத்தில படுத்திருக்கிற ஆட்களைத்தான் கடிக்கும், நோகாமலும் இருக்கும். காலையில வயித்துக் குத்து, கண்ணிமை தொங்கல் என்றா 1990க்கு (அம்புலன்ஸ்) அடியுங்க. கட்டுப் போட்டு இறுக்க வேணாம், வெட்ட வேணாம். சப்பாத்தைத் தட்டாமப் போட வேணாம்.

கேட்டவர்

நன்றி அண்ணைமார். சி.டி.100தான். பதுளை இறக்கத்துக்கு அதின்ர பிரேக் காணுமோ எண்டுதான் யோசினை.

உப்புவெளியிலிருந்து

காணும், விரலுக்கும் காலுக்கும் மட்டும் வேலை குடுக்காட்டி. எல்ல 1000 மீற்றருக்கு மேல, மகியங்கனை 100 மீற்றர் அளவு. அவ்வளவும் இறக்கம். எந்தக் கியரில ஏறுவீங்களோ அதிலயே இறங்குங்கோ. நியூற்றலில விட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இங்க வேண்டாம். பிரேக்கைத் தேய்ச்சுக்கொண்டே இறங்கினால் ட்றம் சூடாகி லைனிங் பிடிக்காது, எவ்வளவு அமத்தினாலும் பைக் நிக்காது. வளைவுக்கு முதல் ரெண்டையும் சேர்த்துப் பலமா அமத்தி வேகத்தைக் குறைச்சு, பிறகு முழுக்க விட்டுவிடுங்கோ. எரிஞ்ச மணம் வந்தால் கால் மணித்தியாலம் நிப்பாட்டுங்கோ. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்கோ. பின் பிரேக் பெடலை சாமான் கட்டின பிறகு, ஆள் ஏறியிருக்கேக்க சரிபாருங்கோ. பாரத்துக்கு ஸ்பிரிங் இறங்க பெடலின்ர இளக்கமும் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை முழுச் சாமானும் கட்டி நிலாவெளி வரைக்கும் ஒருக்கா ஓடிப்போட்டு வாங்கோ. எந்தக் கட்டு இளகினது எண்டு படம் எடுத்துப் போடுங்கோ, பாப்பம்.