இரவுக் காப்பகத்தில் வாராந்தரச் செவிலியர் முகாம்: பாதம், இன்சுலின், சொறி... எங்கிருந்து தொடங்குவது?

செவ்வந்தி (கேள்வி)

வணக்கம். வீடில்லாமல் தெருவிலும் இரவுக் காப்பகத்திலும் தங்குகிறவர்களுக்காக வாரம் ஒரு மாலை, 2 மணி நேரம், முகாம் நடத்தப் போகிறோம். செவிலியர் 2 பேர், உதவியாளர் ஒருவர். மருத்துவரைப் போனில் கேட்கலாம். தண்ணீர் வசதி உண்டு, ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரு மாலைக்கு 15 பேர் வரை வருவார்கள்.

முதலில் எதைப் பார்ப்பது? இன்று கட்டுப் போட்டால் அடுத்த வாரம் வரை தாங்குமா? இன்சுலின் போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? ஒருவருக்குச் சொறி வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வருகிறதே, அதை எப்படி நிறுத்துவது? சுவரில் படம் ஒட்டிப் பேசும் சுகாதாரப் பேச்சால் பலன் உண்டா?

ஆலமரத்தடி

பாதத்தில் தொடங்குங்கள். பிரஷர் பார்க்கக் கையை நீட்டாதவர்கூட வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைக்கச் சம்மதிப்பார். இருமல், சுகர், குடி, தூக்கம் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான் பேச்சில் வரும்.

தொடுவதற்கு முன் கேளுங்கள்: "ஷூவை நான் கழற்றட்டுமா, நீங்களே கழற்றுறீங்களா?" அடி உதை பட்டவர்கள், பிடித்துக் கட்டப்பட்டவர்கள் இவர்களில் அதிகம். அவர் நாற்காலியில், நீங்கள் தாழ்ந்த ஸ்டூலில். வாசல் அவர் கண்ணில் படட்டும். பையும் ஷூவும் அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். உதவியாளர் நல்லெண்ணத்தில் ஓரமாக எடுத்து வைத்தால்கூட ஆள் பாதியில் எழுந்து போய்விடுவார்.

தண்ணீருக்கு முன்பே உணர்ச்சியைச் சோதியுங்கள். மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழை) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் 1–2 விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. இரு காலிலும் சேர்த்து ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அவர் கால்களுக்கு ஆபத்து இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

தண்ணீர் 37 டிகிரி. தெர்மாமீட்டரில் பாருங்கள், "சூடு சரியா?" என்று அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். 5 நிமிடம் போதும். சுகர் உள்ளவர், திறந்த புண் உள்ளவர் ஊற வைக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதற்குப் பிறகு பலர் விடும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனி காஸ் (வலைத்துணி) துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. சேற்றுப்புண் தொடங்குவது 4, 5ஆம் விரலுக்கு நடுவில்தான். தோல் வெளுத்து ஊறிப்போய் நாற்றம் வந்தால் டெர்பினாஃபின் 1% என்ற பூஞ்சைக் க்ரீம், ஒரு வாரம். க்ளோட்ரிமசோலும் கேட்கும், ஆனால் 2 முதல் 4 வாரம் விடாமல் போட வேண்டும். தெருவில் ட்யூப் அத்தனை நாள் கையில் தங்காது. வெடிப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.

ஷூவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள், கையை உள்ளே விடுவது அதற்குப் பிறகுதான். ஆணி, கண்ணாடி, சில சமயம் ஊசியும் இருக்கும். அளவு சரியா என்று பார்க்க, அவரை ஒரு தாளின் மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, ஷூவுக்குள் வையுங்கள். தாள் ஓரம் மடங்கினால் ஷூ சின்னது. அளவெடுக்க மாலைதான் நல்லது, அப்போதுதான் கால் வீங்கியிருக்கும்.

கட்டு விஷயம். தினமும் மாற்ற வேண்டிய காஸ் கட்டு இங்கே உதவாது. கசிவு மிதமாக இருந்தால் ஓரத்தில் சிலிகான் ஒட்டுள்ள ஃபோம் கட்டு (கசிவை உறிஞ்சும் பஞ்சு போன்றது). சுத்தமான புண்ணில் 3 முதல் 7 நாள் தாங்கும். போட்ட தேதியைக் கட்டின் மேலேயே எழுதுங்கள். மாற்றுக் கட்டு இரண்டும் சலைன் சிறு பாட்டிலும் ஜிப் பையில் போட்டுக் கையில் கொடுங்கள். இரத்தக் குழாய் அடைப்பு இல்லை என்று உறுதியாகாமல் இறுக்கிக் கட்டாதீர்கள்.

புண் ஓரத்திலிருந்து சிவப்பு 2 செ.மீ. தாண்டிப் பரவினாலோ, காய்ச்சலோ கருப்போ கண்டாலோ, எலும்பு தட்டுப்பட்டாலோ அன்றே மருத்துவமனை. சீட்டு எழுதிக் கொடுத்தால் போக மாட்டார். கூடவே ஒருவர் போக வேண்டும்.

மருந்துப்பெட்டி

இன்சுலினுக்கு வருகிறேன். பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும் (அட்டையில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைப்பதும், ஐஸில் நேராகப் புதைப்பதும் இரண்டுமே கெடுக்கும். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது.

ஆனால் இங்கே உடனடி ஆபத்து சுகர் கூடுவதைவிடக் குறைவதில்தான். சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாதவருக்குக் காலையும் இரவும் ஒரே அளவில் கலப்பு இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) எழுதிக் கொடுத்தால், சாப்பாடு கிடைக்காத நாளில் மயங்கி விழுவார். கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரையும் அப்படித்தான், அதன் தாழ்சுகர் மணிக்கணக்கில் இழுக்கும். வெறும் வயிற்றில் குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். பாதையில் உளறிக்கொண்டு வியர்த்துக் கிடப்பவரைக் "குடிச்சிருக்கான்" என்று தாண்டிப் போகாதீர்கள், விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சுகர் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருத்துவரிடம் போனில் பேசும்போது "கட்டுப்பாட்டில் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், நேற்று எத்தனை வேளை சாப்பிட்டார், எங்கே படுத்தார், கழிப்பறை எங்கே என்று சேர்த்துச் சொல்லுங்கள். மருந்து மாறுவது அதில்தான். நீர்மாத்திரையை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) நிறுத்திவிடுகிறவர் பிடிவாதக்காரர் இல்லை, பகலில் போக இடமில்லாதவர். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வயிற்றைக் கலக்கினாலும் இதே கதை. மெதுவாகக் கரையும் வகையைக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தவரை நாளுக்கு ஒரு வேளை மருந்து. ஒரு வார அளவு மட்டும் கொடுத்தால், பை திருட்டுப் போனாலும் இழப்பு ஒரு வாரத்தோடு போகும்.

தினமும் குடிப்பவரிடம் "இன்றோடு நிறுத்துங்க" என்று சொல்லவே கூடாது. திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம், 2–4 நாளில் மனக்குழப்பமும் நடுக்கமும் சேர்ந்து உயிரையே எடுக்கலாம். மருத்துவ மேற்பார்வையில், தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

தங்கராணி

சொறி பற்றி. முதலில் அது சிரங்கா சீலைப்பேனா என்று பிரித்துவிடுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பில் கோடு கோடாக இருந்து இரவில் அரிப்பு கூடினால் சிரங்கு. முதுகு, தோள், இடுப்பு வரியில் கீறலாக இருந்தால் சட்டையைக் கழற்றி உள்பக்கத் தையலைப் பாருங்கள். சீலைப்பேனும் முட்டையும் உடம்பில் இருக்காது, தையலில்தான் இருக்கும். அதற்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம், குளியலும் மாற்றுத் துணியும் போதும். பழைய துணியை 54 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் துவைத்து உலர்த்துங்கள், முடியாவிட்டால் பையில் இறுகக் கட்டி 2 வாரம் வையுங்கள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள், கொள்ளைநோயாகப் பரவும் வகை டைஃபஸும் அகழிக் காய்ச்சலும் (trench fever) சீலைப்பேன் வழியாகத்தான் பரவும்.

சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5% க்ரீம். பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ட்யூப். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் தடவி 8 முதல் 14 மணி நேரம் விட வேண்டும். கை கழுவினால் கையில் மறுபடி தடவணும். 7 நாள் கழித்து இன்னொரு முறை. ஒரே அறையில் படுக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் செய்யாவிட்டால் ஓயாது, அரிப்பு இல்லாதவரும் அதில் சேர்த்தி. இரவு முழுக்கத் தடவி வைத்துக் காலையில் குளிக்க வழியில்லாதவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை எளிது: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 12 மி.கி., 7–14 நாள் கழித்து மறுபடி. மருத்துவர் உத்தரவோடுதான்.

மருந்து முடிந்தும் 2–4 வாரம் அரிக்கும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "மருந்து கேட்கல" என்று தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

அத்துடன், 2 வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை. கூட்டமாகப் படுக்கும் இடத்தில் காசநோய் வேகமாகப் பரவும்.

செவ்வந்தி

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அறையில் கர்ப்பிணி இருந்தால்? ஷூ திருடு போகும் என்று இரவிலும் கழற்றாமலே தூங்குகிறவர்களிடம் "காலைக் காய வைங்க" என்று எப்படிச் சொல்வது?

தங்கராணி

கர்ப்பிணிக்கு ஐவர்மெக்டின் வேண்டாம், பெர்மெத்ரின் போடலாம். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் அந்த மாத்திரை கொடுப்பதில்லை.

ஆலமரத்தடி

ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறவர் காரணத்தோடுதான் தூங்குகிறார். இரவைப் பற்றிப் பேசாமல் பகலைப் பற்றிக் கேளுங்கள்: ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இரண்டு முறை, அரை மணி நேரம், ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை உயர்த்தி உட்கார முடியுமா? இரவில் நாடாவை மட்டும் தளர்த்திக்கொள்ளட்டும். சாக்ஸ் இரண்டு ஜோடி கொடுங்கள்; ஒன்று காலில், மற்றது பை மேல் காயட்டும். பல நாள் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர் கால் நீர் கோத்து வீங்கி, தோல் கசிந்து புண்ணாகும். படுக்க இடம் கிடைத்தால் அவருக்கு அது மருந்துக்குச் சமம், காப்பகத்தில் முன்னுரிமை கேட்டுப் பாருங்கள்.

உங்கள் சுவர்ப்படத்துக்கும் இதே பதில்தான். கூட்டமாகப் பேச வேண்டாம், காலைத் துடைக்கும்போதே ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக்கு எங்க உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவீங்க?" என்று கேளுங்கள். இடத்தின் பெயரைச் சொன்னால் புரிந்திருக்கிறது. "அங்க உட்கார விடமாட்டாங்க" என்றால் வேறு இடம் சேர்ந்து யோசியுங்கள். அந்த இடத்தையே அவர் சீட்டில் எழுதி வைத்தால், அடுத்த வாரம் வருகிற செவிலியர் அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.