கிரிக்கெட் 07 ஆடியவர்கள் வாடிக்கையாளர்களே இல்லையா?

டிக்கோயா ஓப்பனர்
கம்பியூட்டர் விளையாட்டுச் செய்யும் ஈ.ஏ. கம்பனியைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போன வரி: "ஈ.ஏ. கிரிக்கெட்டைக் கைவிட்டது சரிதான். சின்னக் கூட்டத்துக்காக எந்தக் கம்பனியும் கடை நடத்தாது. அதுவும் ஒரிஜினல் சீடியே வாங்காத கூட்டம்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

ஈ.ஏ.யின் கிரிக்கெட் 07 வந்தது 2006 நவம்பரில். அதற்குப் பிறகு கம்பியூட்டருக்கோ பிளேஸ்டேஷனுக்கோ ஈ.ஏ. ஒரு கிரிக்கெட் விளையாட்டும் போடவில்லை. கால்பந்துக்கு என்றால் வருஷா வருஷம் புதுசு. பிரையன் லாரா பெயரில் கிரிக்கெட் விளையாட்டு செய்த கோட்மாஸ்டர்ஸையும் 2021இல் அவர்களே வாங்கிவிட்டார்கள். இத்தனை இருந்தும் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் ரசிகர்கள் தாங்களாகவே புது ஜெர்சி, புது வீரர்கள், புது மைதானம் என்று பேட்ச் செய்து அந்தப் பழைய விளையாட்டை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இதையா சின்னக் கூட்டம் என்கிறீர்கள்?

பண்டாரவளை 87
எழுதியது நான்தான். ஒரு எழுத்தும் மாற்றப் போவதில்லை. ஒரே கேள்வி: நீங்கள் ஒரிஜினல் வாங்கினீர்களா, இல்லையா?

டிக்கோயா ஓப்பனர்
2007இல் ஹட்டனில் எந்தக் கடையில் ஒரிஜினல் இருந்தது? பெயரைச் சொல்ல வேண்டாம், எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள். காப்பி சீடி 100 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த நூறும் எங்களுக்குச் சும்மா வரவில்லை. விளையாட்டு வெளிவந்த அடுத்த மாதம், 2006 டிசம்பரில், இலங்கைத் தேயிலைத் தோட்டமெல்லாம் வேலைநிறுத்தம். நாள் சம்பளம் 300 ரூபாய் வேண்டும் என்று கேட்டு எங்கள் அம்மாமார் ரோட்டில் நின்றார்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் வந்து லண்டன் விலையில் ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

பண்டாரவளை 87
சம்பளக் கதை எனக்கும் தெரியும். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். அதை வைத்து என் வாயை அடைக்க வேண்டாம். வாங்கவில்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். வாங்காதவனை ஒரு கம்பனி எப்படிக் கைவிட முடியும்?

டிக்கோயா ஓப்பனர்
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. விற்கவே வராத பொருளை வாங்கவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன்.

மாஸ்டர் லீக்
கிரிக்கெட்காரர்களே, உங்களுக்காவது விளையாட்டை நிறுத்தினார்கள். எங்களுக்குக் கண் முன்னாலேயே நாசமாக்கினார்கள். பி.இ.எஸ். என்ற கால்பந்து விளையாட்டின் பெயரையே கொனாமி கம்பனி எடுத்துவிட்டு 2021 செப்டம்பர் 30ஆம் தேதி ஈஃபுட்பால் என்று ஒன்றை இறக்கியது. அணியை நாமே நடத்துகிற மாஸ்டர் லீக் பகுதி இல்லை. முகங்களைப் பார்த்தால் பயமாக இருந்தது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வந்த நாளிலேயே திட்டுமழை. ஒரு சின்ன அணியை எடுத்து, விலை பேசி, பொடியன்களை வளர்த்து, பல சீசன் கழித்துக் கோப்பை தூக்குவதற்காகவே பி.இ.எஸ். ஆடியவர்கள் நாங்கள். எங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு வீரர் கார்டு சேர்க்கிறவர்களைப் பிடிக்கப் போனார்கள்.

பண்டாரவளை 87
தம்பி, நீங்கள் பி.இ.எஸ். ஒரிஜினல் வாங்கினீர்களா?

மாஸ்டர் லீக்
பி.இ.எஸ். 2021 ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கினேன். அக்காவின் பாங்க் கார்டில். இப்போது என்ன சொல்லப்போகிறீர்கள்?

பண்டாரவளை 87
நல்லது. உங்களுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. டிக்கோயாக்காரருக்கு இல்லை.

டிக்கோயா ஓப்பனர்
உரிமைக்குச் சீட்டு கொடுக்க நீங்கள் யார்?

காசு கொடுத்தவனுக்கு மட்டும் என்ன மரியாதை கிடைத்தது என்று பாருங்கள். யூபிசாஃப்ட் கம்பனி 2014இல் தி க்ரூ என்று, இணையத்தோடு மட்டும் ஓடுகிற ஒரு கார் விளையாட்டு விற்றது. 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தது. ஒரிஜினல் டிஸ்க் கையில் இருக்கிறவனும் இனி ஓட்ட முடியாது. அதை எதிர்த்துத்தான் ஐரோப்பாவில் கையெழுத்து வாங்கினார்கள், 2025இல் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. கிரிக்கெட்டிலேயே எடுத்துக்கொள்வோம். 2013இல் ஆஷஸ் கிரிக்கெட் என்று ஒன்று ஸ்டீமில் வந்தது. பந்து ஒரு பக்கம், பீல்டர் ஒரு பக்கம். சில நாளில் விற்பனையை நிறுத்திக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரிஜினல் வாங்கினால் கம்பனி கவனிக்கும் என்பது உங்கள் நினைப்பு மட்டும்தான்.

பண்டாரவளை 87
எவ்வளவு நீளமாக எழுதினாலும் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அவர்கள் வாங்கினார்கள், ஏமாந்தார்கள். நீங்கள் வாங்கவில்லை.

தலவாக்கலை தங்கச்சி
அண்ணன்மாரே, யாரும் யாரையும் கைவிடவில்லை என்பது என் எண்ணம். விளையாட்டு போனுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் என்ற போன் விளையாட்டைச் செய்கிறது சென்னையில் உள்ள நெக்ஸ்ட்வேவ். மூன்றாவது பாகத்தில் தமிழிலேயே வர்ணனை போட்டார்கள். கிரிக்கெட் 07இல் ரிச்சி பெனோவின் இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எங்கள் தோட்டத்தில் கம்பியூட்டர் உள்ள வீடு அபூர்வம், போன் இல்லாத வீடும் அபூர்வம். அப்படியானால் யாரை நினைத்துச் செய்தார்கள்? எங்களைத்தான்.

டிக்கோயா ஓப்பனர்
தங்கச்சி, 2018இல் அமெரிக்காவில் பிளிசார்ட் கம்பனி இதே பேச்சைப் பேசித்தான் வாங்கிக்கட்டியது. டயாப்லோ என்ற அவர்களுடைய விளையாட்டைக் கம்பியூட்டரில் வருஷக்கணக்காக ஆடியவர்கள் கூடியிருந்த மண்டபத்தில் போன் விளையாட்டை அறிவித்தார்கள். கூட்டம் முணுமுணுத்ததும், "உங்களிடம் போன் இல்லையா?" என்று மேடையிலிருந்தே கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தெரிந்துவிட்டது.

தலவாக்கலை தங்கச்சி
அந்த மண்டபத்துக்கு டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்கு அது அவமானமாக இருந்திருக்கும். என்னிடம் கேட்டிருந்தால், இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கம்பியூட்டர் கிடைத்த காலத்தில் எங்களை அந்தக் கேம் கடைகளுக்கு உள்ளேயே விடவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். இன்றைக்கு என் கையில் இருப்பதை மட்டம் தட்ட வேண்டாம்.

டிக்கோயா ஓப்பனர்
மட்டம் தட்டவில்லை. ஆனால் ரெண்டு ஓவருக்கு ஒரு விளம்பரம், மட்டை வேண்டுமென்றால் நாணயம், நாணயம் வேண்டுமென்றால் காசு. அது கிரிக்கெட் இல்லை.

தலவாக்கலை தங்கச்சி
விளம்பரம் பார்த்தாவது அந்தக் கம்பனிக்கு ஏதோ போகிறது. 100 ரூபாய் சீடியில் ஈ.ஏ.க்கு ஒரு சதமும் போகவில்லை.

பண்டாரவளை 87
இதைத்தான் நான் நேற்றிலிருந்து சொல்கிறேன். ஒரிஜினல்.

முன்னாள் கேம் கடை
ஹட்டனில் கேம் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கிரிக்கெட் 07 இல்லாவிட்டால் என் கடையே இல்லை. பள்ளி விட்டதும் பையோடு வந்து நிற்பார்கள். 2007 உலகக் கிண்ண இறுதியாட்டம் முடிந்த பிறகு வந்த ஒவ்வொருவனும் அதே ஆட்டத்தைத்தான் போடச் சொன்னான். பார்படோஸில் இலங்கைக்கு எதிராகக் கில்கிறிஸ்ட் 149 அடித்த அந்த ஆட்டம். 36 ஓவரில் 269 எடுக்க வேண்டும் என்று ஓவரைக்கூட எழுதி வைத்துக்கொண்டு ஆடினார்கள். சனத் ஜயசூரியவை 63க்கு அவுட் ஆகவிடாமல் கடைசிவரை நிற்க வைப்பதுதான் அவர்களுக்கு வெற்றி. என் கீபோர்டுகளில் அம்புக்குறிகள் எல்லாம் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டைகள் ஆகியிருந்தன. அந்த ஆட்களை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டது பெரிய பிழை.

டிக்கோயா ஓப்பனர்
அண்ணே, நீங்கள் பேசவே கூடாது. உங்கள் கடையை நிரப்பியது நாங்கள். போன் கவர் விற்றால் லாபம் என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பியூட்டர்களைத் தூக்கிவிட்டீர்கள். ஈ.ஏ. செய்ததற்கும் நீங்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

முன்னாள் கேம் கடை
வாடகை யார் கட்டுவது? நீயா கட்டினாய்? ஒரு மணித்தியாலக் காசில் மூன்று பேர் உட்கார்ந்து ஆடுவீர்கள். கரண்ட் போனால் மிச்ச நிமிஷத்துக்குச் சண்டை போடுவீர்கள். உன் பெயரிலேயே கொப்பியில் கடன் இருந்தது.

டிக்கோயா ஓப்பனர்
கடனைக் கட்டிவிட்டேன். கொப்பியை எடுத்துப் பாருங்கள்.

முன்னாள் கேம் கடை
கட்டவில்லை.

மாஸ்டர் லீக்
கொனாமி விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லவில்லையே.

டிக்கோயா ஓப்பனர்
கொனாமிக்குத் தனியாக ஒன்று தொடங்குங்கள் தம்பி. இது கிரிக்கெட்.

சின்னக் கூட்டத்துக்குக் கடை நடத்த முடியாது என்ற பேச்சுக்கு இன்னொரு பதில் இருக்கிறது. கிரிக்கெட் 07ஐச் செய்து கொடுத்தது கனடாவில் உள்ள எச்.பி. ஸ்டூடியோஸ். அவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? 2014இல் தி கோல்ஃப் கிளப் என்ற விளையாட்டு. கோல்ஃப்! நுவரெலியா டவுன் நடுவில் அந்தப் பெரிய மைதானம் இருக்கிறதே, அதில் மட்டை பிடித்த ஒருவரையாவது உங்கள் தோட்டத்தில் காட்டுங்கள். அந்தக் கோல்ஃப் வளர்ந்து வளர்ந்து 2021இல் 2கே கம்பனி அவர்களை மொத்தமாக வாங்கியது. கோல்ஃப் ஆடுகிறவர்களை மதித்துக் கடைசிவரை நின்றார்கள், பலன் கிடைத்தது. நூறு கோடிப் பேர் பார்க்கிற ஆட்டத்துக்கு மட்டும் கூட்டம் போதாதாம்.

பண்டாரவளை 87
கோல்ஃப் ஆடுகிறவன் ஒரிஜினல் வாங்குகிறான். முடிந்தது கதை.

டிக்கோயா ஓப்பனர்
அவனுக்கு விற்கிறார்கள், அவன் வாங்குகிறான். இன்றைக்கும் ஸ்டீமில் இந்தியாக்காரனுக்கு அவன் ரூபாயில் விலை, நமக்கு டாலர். 2022இல் ஒரே வருஷத்துக்குள் டாலர் 200இல் இருந்து 360க்குப் போனது. 50 டாலர் விளையாட்டு 10,000 ரூபாயில் இருந்து 18,000 ஆனது. விளையாட்டில் ஒன்றும் கூடவில்லை, விலை மட்டும் கூடியது. தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானி வந்ததே 2024இல்தான். கணக்கு நீங்களே போடுங்கள்.

பண்டாரவளை 87
நான் பிக் ஆன்ட் கம்பனி செய்த கிரிக்கெட் 24ஐ வாங்கினேன். சேர்த்து வைத்து வாங்கினேன். முடியாது என்று உட்கார்ந்து அழவில்லை.

டிக்கோயா ஓப்பனர்
வெளிநாட்டிலிருந்து யாரும் காசு அனுப்பாமல் வாங்கினீர்களா?

பண்டாரவளை 87
வீட்டு விஷயத்துக்கு வர வேண்டாம். இது இரண்டாவது தடவை. முன்பு இங்கே மாகாண மட்டப் போட்டி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

தலவாக்கலை தங்கச்சி
சரி, அந்த கிரிக்கெட் 24 நல்லாயிருக்கிறதா என்று யாராவது சொல்லுங்களேன்.

பண்டாரவளை 87
பிழைகள் இருக்கின்றன. ஆனால் ஒரிஜினல்.

டிக்கோயா ஓப்பனர்
பிழைக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் ஆடுகிற கிரிக்கெட் 07இல் பிழையை ரசிகர்களே திருத்துகிறார்கள், ஒரு சதம் வாங்காமல். ஒரு விளையாட்டுக்கு அதை விடப் பெரிய வாடிக்கையாளன் எங்கே இருக்கிறான்? புது பேட்ச் இறக்கி வைத்திருக்கிறேன். ஹட்டன் பக்கம் யாருக்கு வேண்டுமானாலும் பென் டிரைவ் கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன். பண்டாரவளைக்காரரும் வரலாம்.

பண்டாரவளை 87
காப்பி எனக்கு வேண்டாம்.

முன்னாள் கேம் கடை
வருகிறவர்கள் யாராவது அவனிடமிருந்து என் பாக்கிக் காசையும் வாங்கி வாருங்கள்.

டிக்கோயா ஓப்பனர்
கட்டிவிட்டேன் என்று சொன்னேனே அண்ணே!